வேட்டை அம்பை வீட்டிலேயே வெட்டித் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோவில். இங்கே இலையுதிர் காலம் நெருங்கி, வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தயாராகும்போது, எனக்கு வரும் போன்களில் பாதி அம்பைப் பற்றித்தான் இருக்கும். வில்லுக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவர்கூட அம்பை மட்டும் கடையில் கிடைத்தபடி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மானைத் தொடப்போவது வில் இல்லை, அம்புதான். அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் காம்பவுண்ட் வில்லுக்கான (கப்பிகள் வைத்த நவீன வில்) கார்பன் அம்பைப் பற்றித்தான் பேசுகிறேன், மர அம்புக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

கடையிலேயே வெட்டிக் கொடுக்கிறார்களே, நான் எதற்கு வீட்டில் மெனக்கெட வேண்டும்?

நல்ல கடையும் பொறுமையான ஆளும் கிடைத்தால் அங்கேயே வெட்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் ஒரு டஜன் அம்புகளை ஒரு கடையில் பத்தே நிமிடத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் ஃபோம் இலக்கில் எய்துவிட்டு அம்பை இழுத்தேன், தண்டு மட்டும் கையோடு வந்தது, முனையும் இன்சர்ட்டும் (முனையைத் திருகி மாட்ட, தண்டுக்குள் ஒட்டும் சின்ன உலோகத் துண்டு) இலக்குக்குள்ளேயே நின்றுவிட்டன. தண்டின் வாயைப் பார்த்தால் வெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, உள்ளே கரித்தூளும் பசையும் குழைந்து சேறு மாதிரி ஒட்டியிருந்தது. துடைக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். இதே அம்பு ஒரு மான் மேல் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் அம்பை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

என்னென்ன சாமான் வேண்டும்?

அதிவேக வெட்டும் ரம்பம் ஒன்று (அம்புக்கென்றே சின்னதாக விற்கிறார்கள்), முனையைச் சதுரமாக்கும் கருவி (வெட்டிய முகத்தைத் தண்டுக்குச் செங்குத்தாகத் தேய்ப்பது), இறகைச் சரியான கோணத்தில் பிடித்து ஒட்டும் ஜிக், கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சின்ன அலகு) கணக்கில் எடை காட்டும் சின்னத் தராசு, ஐசோபுரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, எபாக்சி, இறகுக்கான பசை, வெள்ளி நிற மார்க்கர் பேனா. அப்புறம் நல்ல முகமூடியும் கண்ணாடியும். இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ரம்பம் வாங்க மனமில்லை என்றால் உங்களோடு வேட்டைக்கு வரும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம், ஆண்டுக்கு ஒரு தடவைதானே தேவைப்படும்.

ஸ்பைன் என்கிறார்களே, 340, 400 என்றெல்லாம், அது என்ன எண்?

தண்டு எவ்வளவு வளையும் என்பதன் அளவு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதுதான் ஸ்பைன். 0.340 அங்குலம் தொய்ந்தால் அது 340. ஆகவே எண் சிறிதாகச் சிறிதாகத் தண்டு விறைப்பு. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பெரிய எண் பலமானது என்று வாங்கிவிடுகிறார்கள்.

இது வெட்டும் வேலையோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்றால், தண்டைக் குட்டையாக்க ஆக்க அது வில்லில் விறைப்பாக நடந்துகொள்ளும், முன்னால் எடை கூட்டக் கூட்ட அதே தண்டு தளர்வாக நடந்துகொள்ளும். 60 பவுண்டு வில், 28 அங்குல அம்பு, 100 கிரெய்ன் முனை என்றால் தயாரிப்பாளரின் அட்டவணை பெரும்பாலும் 400 அல்லது 340 பக்கம் காட்டும். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், பிராட்ஹெட் (கூரான அலகுகள் உள்ள வேட்டை முனை) போட்டு எய்யப்போகிறவர் விறைப்பான பக்கமே சாயலாம் என்பது என் கருத்து. முன்னால் கொஞ்சம் எடை கூட்டிச் சரி செய்துகொள்ளலாம், தளர்ந்த தண்டை விறைப்பாக்க மேலும் மேலும் வெட்டிக்கொண்டே போக முடியாது.

என் அம்பு எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

வெட்டாத நீளமான அம்பு ஒன்றை வில்லில் மாட்டி, முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவர் அம்பு தாங்கியின் முன்விளிம்புக்கு நேராக அம்பில் ஒரு கோடு போடட்டும். இழுக்கும்போது இலக்கைப் பார்த்து நில்லுங்கள், கோடு போடுகிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், ஒருநாளும் முன்னால் வரக் கூடாது. அந்தக் கோட்டிலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் முன்னால் தள்ளி வெட்டுங்கள். அகலமான பிராட்ஹெட் போடுவீர்கள் என்றால், முழுதும் இழுத்த நிலையில் அதன் அலகு உங்கள் கை விரலுக்கும் வில்லின் கைப்பிடிக்கும் முன்னால் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அம்பின் நீளம் என்பது நாக்கின், அதாவது நாண் மாட்டும் பின்முனைத் துண்டின், பள்ளத்தில் தொடங்கி வெட்டிய தண்டின் முனை வரைக்கும்தான். இன்சர்ட்டின் விளிம்பும் இரும்பு முனையும் கணக்கில் சேராது. ஆனால் நாக் தண்டுக்கு வெளியே சுமார் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதால், அதைக் கழற்றிவிட்டு வெறும் தண்டை அளந்து வெட்டினால் கணக்கு அரை அங்குலம் தப்பும். நாக்கை மாட்டிவிட்டே அளவெடுங்கள். சந்தேகம் இருந்தால் கால் அங்குலம் நீளமாக விட்டுவிடுங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படி வெட்டுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் தண்டை உருளைகள் மேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். கார்பன் தண்டில் கோணல் இருந்தால் பெரும்பாலும் இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், எந்த முனை தள்ளாடுகிறதோ அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டி எறியலாம். 32 அங்குலத் தண்டை 28 ஆக்கப்போகிறவருக்கு நாலு அங்குலம் வீணாகத்தான் போகப்போகிறது, அந்த நாலு அங்குலம் எங்கிருந்து போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் வெட்டுவதாக இருந்தால் நாக் பக்கத்தை முதலில் வெட்டிச் சதுரமாக்கிவிட்டு அப்புறம் நீளத்துக்கு வாருங்கள்.

ரம்பத்தின் தாங்கிகளில் தண்டு ஆடாமல் உட்கார வேண்டும், நாக் பின்தடுப்பில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெட்டும் சக்கரம் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடுவது, பல் இல்லாத, மெல்லிய உராய்வுத் தட்டு. மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகு தண்டை மெதுவாகத் தட்டின் மேல் சாய்த்து, தொட்டதும் விரலால் உருட்டத் தொடங்குங்கள். சுற்றிவர ஒரு மெல்லிய பள்ளம் விழட்டும், இன்னொரு சுற்றில் துண்டு தானாகவே விழுந்துவிடும். அழுத்தவே கூடாது, அழுத்தினால் கடைசி நூலிழையில் கார்பன் பிய்ந்து சிலும்பும். கையில் நடுக்கம் இல்லாமல் இருந்தால் ஓர் அம்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் முதல் அம்பை வெட்டிவிட்டு நேராக வில்லுக்குக் கொண்டுபோய் அளவு சரிபார்த்த பிறகே அடுத்த பதினொன்றைத் தொடுங்கள். ஒரு டஜனையும் ஒரே மூச்சில் அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஹேக்ஸா பிளேடு, பைப் கட்டர் போதாதா?

கார்பனுக்குக் கூடாது. ஹேக்ஸாவின் பல் நார்களைக் கொக்கி போட்டு இழுக்கும், பைப் கட்டர் சுற்றிலும் நெருக்கி நொறுக்கும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், உள்ளே நீளவாக்கில் விரிசல் ஓடியிருக்கும். கையில் பிடிக்கும் சின்ன ரோட்டரி கருவியில் வெட்டும் தட்டு மாட்டிச் செய்யலாம், வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, ஒரு மரக்கட்டையில் V வடிவப் பள்ளம் செதுக்கித் தண்டை அதில் உருட்டிக்கொண்டே வெட்டுங்கள். அளவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, மீதியைத் தேய்த்தெடுப்பது நல்லது.

தூள் உடம்புக்குக் கெடுதலா?

ஆமாம். நுண்ணிய கார்பன் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாத ஒன்று, தோலில் பட்டால் அரிக்கும். என்95 முகமூடியாவது போடுங்கள், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்து இழுக்க விடுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கணினி இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடமும் வேண்டாம். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

வெட்டிய பிறகு முனையைச் சதுரமாக்குவது அவ்வளவு முக்கியமா? ரம்பம்தான் நேராக வெட்டிவிட்டதே?

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன். நேராகத் தெரிகிறது என்பதும் நேராக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள்: வெட்டிய முனையின் வளையம் முழுக்க வெள்ளி மார்க்கரால் பூசுங்கள், காயட்டும். சதுரமாக்கும் கருவியின் தாங்கிகளில் தண்டை வைத்து, உராய்வுத் தட்டில் முனையை லேசாக முட்டி, இரண்டு சுற்று மட்டும் உருட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். வளையத்தின் ஒரு பக்கம் கார்பனின் கறுப்பு தெரியும், எதிர்ப்பக்கம் வெள்ளி அப்படியே பிறை நிலா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிறைதான் கோணல். இன்னும் இரண்டு சுற்று, பிறை மெலிகிறது. இன்னும் இரண்டு, ஒரு நூல் அளவு வெள்ளி. அதுவும் போனதும் நிறுத்திவிடுங்கள், மேற்கொண்டு தேய்த்தால் நீளம்தான் குறையும்.

இன்சர்ட்டின் விளிம்பு இந்த வளையத்தின் மேல்தான் உட்காருகிறது. வளையம் சாய்ந்தால் இன்சர்ட் சாயும், அதில் திருகும் பிராட்ஹெட்டும் சாயும், காற்றில் அதன் அலகுகள் இறகைப் போலவே வேலை செய்யத் தொடங்கி அம்பைத் தன் போக்கில் இழுக்கும். ஃபீல்டு பாயின்ட் (அலகில்லாத பயிற்சி முனை) போட்டு எய்யும்போது இது தெரியவே தெரியாது. பயிற்சியில் எல்லாம் நடுவில் விழுகிறது, பிராட்ஹெட் போட்டால் மட்டும் அரை அடி விலகுகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: சதுரமாக்கினீர்களா? இன்சர்ட் ஒட்டிக் காய்ந்த பிறகு அதன் முகத்தையும் இதே மாதிரி ஒரு தடவை வெள்ளி பூசித் தேய்த்துவிடுங்கள், நாக் பக்கத்தையும் விடாதீர்கள்.

இன்சர்ட் கழன்று வராமல் ஒட்டுவது எப்படி?

சுத்தம், சுத்தம், சுத்தம். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியைத் தண்டுக்குள் விட்டுச் சுழற்றுங்கள், வெளியே வரும் பஞ்சு கறுப்பாக இருக்கும். பஞ்சு வெள்ளையாக வரும் வரைக்கும் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும், எனக்கு ஓர் அம்புக்கு மூன்று நாலு குச்சி ஆகிறது. அலுமினிய இன்சர்ட்டின் மேலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அதை லேசாக உரசி, துடைத்து, காயவிட்டு, பிறகு விரல் படாமல் எடுங்கள்.

இருபத்துநாலு மணி நேரத்தில் இறுகும் எபாக்சியைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஐந்து நிமிட எபாக்சி அவசரத்துக்கு ஆகும், அடியைத் தாங்குவதில் மெதுவாகக் காய்வதே மேல். இன்சர்ட்டில் மெல்லியதாகப் பூசி, திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள், பிதுங்கி வருவதை உடனே துடையுங்கள். மரைக்குள் பசை போகாமல் இருக்க ஒரு பழைய ஃபீல்டு பாயின்ட்டில் மெழுகு தடவி மாட்டி வைப்பேன். ஒட்டி முடித்ததும் முனை கீழே பார்க்க நிறுத்துங்கள். இங்குள்ள குளிரில் இன்னொன்று: கராஜில் வைத்துவிட்டுப் போனால் எபாக்சி இறுகவே இறுகாது, வீட்டுக்குள் பேஸ்மென்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

சூட்டில் இளகும் பசையைச் சிலர் விரும்புவார்கள், மறுபடி கழற்றலாம் என்பதற்காக. அப்படியானால் குறைந்த சூட்டில் இளகும் வகையை வாங்கி, முனையை மட்டும் சூடாக்குங்கள். தண்டை நேராக நெருப்பில் காட்டினால் கார்பன் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் கெட்டுவிடும்.

இறகு ஒட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்? மூன்றா நாலா?

மூன்று என்றால் 120 டிகிரி, நாலு என்றால் 90 டிகிரி, ஜிக் அதைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் நன்றாகவே பறக்கும். நேராக ஒட்டாமல் ஒன்றிரண்டு டிகிரி சாய்த்து ஒட்டுங்கள், அம்பு சுழன்றுகொண்டு போகும், பிராட்ஹெட்டை அடக்க அந்தச் சுழற்சி தேவை. பிளாஸ்டிக் வேன் (இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் துண்டு) மழையைத் தாங்கும், காம்பவுண்ட் வில்லுக்கு அதுதான் வசதி. வான்கோழி இறகு லேசானது, தாங்கியில் உரசினாலும் மடங்கிக் கொடுக்கும், அதனால் மர வில்காரர்கள் அதை விட மாட்டார்கள். ஆனால் ஓர் அம்பில் எல்லா இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், வலதும் இடதும் கலந்தால் ஒன்றையொன்று எதிர்த்துக்கொள்ளும்.

ஒட்டும் இடத்தைத் துடைத்த பிறகு தொடாதீர்கள், விரல் எண்ணெயே போதும் வேன் உரிந்து வர. காய்ந்ததும் ஒவ்வொரு இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு பொட்டுப் பசை வையுங்கள்.

மொத்த எடை எவ்வளவு இருக்கலாம்? எஃப்ஓசி எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 28 அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 9.5 கிரெய்ன் என்றால் 266. இன்சர்ட் 50, முனை 100, மூன்று வேன் 21, நாக் 10. மொத்தம் 447 கிரெய்ன், நம் கணக்கில் 29 கிராம். 60 பவுண்டு வில்லுக்கு இது பவுண்டுக்கு ஏறக்குறைய ஏழரை கிரெய்ன். ஐந்துக்குக் கீழே மட்டும் போகவே கூடாது, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குச் சமமாகி வில் உடையலாம். மான் வேட்டைக்கு இந்த 447 மாதிரியான எடை எனக்குத் திருப்தியாக இருக்கிறது: வேகமும் போகவில்லை, விலாவுக்குள் நுழைகிற பலமும் இருக்கிறது.

எஃப்ஓசி என்பது அம்பின் எடை எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. அம்பை விரல் மேல் வைத்துச் சமநிலை வரும் இடத்தைக் குறியுங்கள். நாக் பள்ளத்திலிருந்து அந்தக் குறி வரைக்கும் மேலே சொன்ன அம்பில் சுமார் 17.9 அங்குலம் வரும். அதில் பாதி நீளமான 14-ஐக் கழித்தால் 3.9. அதை 28-ஆல் வகுத்தால் 14 சதவீதம். வேட்டைக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்கு மேலே போகிறவர்களும் உண்டு, அவர்கள் ஸ்பைனை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிராட்ஹெட்டை மாட்டியதும் வேட்டைக்குப் போகலாமா?

இன்னும் இல்லை. அதற்குரிய சாவியால்தான் மாட்டுங்கள், வெறும் விரலால் திருகிக் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் நிறைய. மாட்டிய பிறகு உருளைகளில் சுழற்றி நுனியைப் பாருங்கள், நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நடுங்கினால் வேறு அம்பில் மாட்டிப் பாருங்கள்: நடுக்கம் கூடவே வந்தால் குறை பிராட்ஹெட்டில், வராவிட்டால் குறை தண்டில்.

அப்புறம் 20 கஜத்திலும் 30 கஜத்திலும் ஃபீல்டு பாயின்ட்டோடு சேர்த்து எய்து பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் சேரும் வரை தாங்கியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஓர் அம்பு மட்டும் தொடர்ந்து விலகினால் அதன் நாக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி எய்யுங்கள், பல நேரம் அதுவே கூட்டத்தில் வந்து சேர்ந்துவிடும். பயிற்சிக்குப் பயன்படுத்திய அலகை அப்படியே காட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டில் அலகைச் சும்மா வைத்தாலே அறுபட வேண்டும், அழுத்தித்தான் அறுபடுகிறது என்றால் அது மழுங்கல். கூரான அலகு நுரையீரலில் பாய்ந்தால் மான் கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும், மழுங்கிய அலகால் காயப்பட்ட மான் எங்கோ புதரில் படுத்து இரண்டு நாள் சாகும். இதில் சமரசமே கிடையாது.

மர அம்பும் இப்படித்தானா?

வேறு கைப்பக்குவம். ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கில் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர்தான் அமெரிக்காவில் காலகாலமாக அம்புக்குப் பேர்போன மரம், வாசனையே தனி. நுண்பல் ரம்பத்தால் வெட்டலாம். முனைப் பக்கம் 5 டிகிரி, நாக் பக்கம் 11 டிகிரி என்று பென்சில் சீவுவது போலச் சீவி ஒட்ட வேண்டும். கோணல் இருந்தால் லேசாகச் சூடு காட்டி உள்ளங்கையால் அழுத்தி நேராக்கலாம், கார்பனில் அது நடக்காது. ஈரம் ஏறாமல் வார்னிஷ் பூசுவது கட்டாயம். முக்கியமாக, காம்பவுண்ட் வில்லில் மர அம்பை வைக்காதீர்கள், அதன் வேகத்தை மரம் தாங்காமல் உடைந்து கையில் ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஊரில் இருக்கும் தம்பிக்கும் ஒரு செட் செய்து கொடுக்கலாமா?

ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 18 கிலோ (39.7 பவுண்டு), அம்பு குறைந்தது 600 மில்லிமீட்டர் நீளம், முனையின் அகலம் குறைந்தது 22 மில்லிமீட்டர், கூரான அலகு குறைந்தது இரண்டு, பின்னோக்கிய கொக்கி இருக்கவே கூடாது. வேட்டைப் பயிற்சி வகுப்பும் உரிமமும் தனி. மாகாணம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிச் சுருக்கத்தை வெட்டத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள், முக்கியமாகக் குட்டையான அம்பு வைத்திருப்பவர்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மானை வேட்டையாடுவது குற்றம். தம்பிக்கு ஆசை என்றால் இதே முறையில் ஃபீல்டு பாயின்ட் போட்ட இலக்கு அம்பு செய்து கொடுங்கள், ஒரு வில்வித்தைக் கிளப்பில் சேரட்டும்.

போன ஆண்டு அம்புகள் அப்படியே இருக்கின்றன, பயன்படுத்தலாமா?

ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு. இரண்டு முனையையும் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளி, லேசாக வளையுங்கள், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் திருப்பி மறுபடி வளையுங்கள், சடசடவென்று சின்னச் சத்தம் கேட்டாலும் அந்த அம்பு முடிந்தது. பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தண்டு முழுக்கத் தடவிக்கொண்டு போங்கள், விரிசல் இருக்கும் இடத்தில் நார் மாட்டும். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணை விட்ட நொடியில் நொறுங்கி, வில்லைப் பிடித்த கைக்குள் சிம்பு சிம்பாக ஏறும். வேட்டை சீசன் முழுக்க, பாறையில் மோதிய அம்பு, இன்னொரு அம்பு உரசிய அம்பு எதுவானாலும் அடுத்த முறை நாணில் வைக்கும் முன் இதைச் செய்துவிடுவேன். கெட்டுப்போனதை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், வேறு யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். முனையையும் நாக்கையும் கழற்றிக்கொண்டு, தண்டை டேப் சுற்றி இரண்டாக ஒடித்துக் குப்பையில் போடுங்கள்.